தனுஷ்கோடிக்குக் கண்ணாடி மாட்டப் போகிறவர்களுக்கு

தனுஷ்கோடி இடிபாடுகளில் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' (எதிரே தெரிகிற இடத்தின் மேலேயே கணினிப் படத்தை ஏற்றிக் காட்டும் முறை) காட்சி அமைக்கும் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், அதை வடிவமைக்கும் நிறுவனத்தாருக்கும்,

போன மாதம் நீங்கள் நடத்திய வெள்ளோட்டத்துக்கு என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, பிறந்தது தனுஷ்கோடியில். உங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "பாட்டி, நிதானமா பாருங்க" என்று சொல்லி, கண்ணாடியை மாட்டி, காதில் ஹெட்போனையும் வைத்தார்கள். நடத்திய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் கண்ணாடிக்குள் இருந்தது.

நானும் பார்த்தேன். முதலில் எதிரே இருக்கிற சர்ச் சுவர் அப்படியே தெரிகிறது. பிறகு வானம் கறுக்கிறது. வலது பக்கத்திலிருந்து ஒரு ரயில் வருகிறது. எங்கிருந்தோ மலை போல ஓர் அலை எழும்பி, ரயிலைச் சுருட்டி, நம் தலைக்கு மேல் வந்து விழுகிறது. அலறல், இருட்டு, அப்புறம் இறந்தவர்களின் எண்ணிக்கை. மொத்தம் மூன்றரை நிமிடம். கடைசியில் இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பையன் கண்ணாடியைக் கழற்றியதும் "சூப்பர், இன்னொரு தடவை" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொருட்காட்சி ராட்டினத்திலிருந்து இறங்குகிற பிள்ளை அப்படித்தான் சொல்லும்.

அம்மா அழுவார் என்று உங்கள் ஆட்கள் எதிர்பார்த்தார்களோ என்னவோ, ஒருவர் செல்போனில் அவரையே படமெடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அழவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஸ்கூலு எங்கடி? தபாலாபீஸு எங்க? இது எந்த ஊரைக் காட்டுறாக?" என்று கேட்டார்.

இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்காகத்தான்.

புயல் ஊரை அழித்த 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அம்மா தனுஷ்கோடியில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தங்கச்சிமடத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அப்போது வயது 13. தாத்தா ஸ்டேஷனில் போர்ட்டர், வேலையை விட்டு வர முடியவில்லை. அவர் உடம்பு கிடைக்கவே இல்லை. ஆக, புயலைப் பற்றி அம்மாவிடம் கேட்டால் சொல்ல ஒன்றும் கிடையாது. "அந்த ராத்திரி எனக்குத் தெரியாது, அந்த ஊருதான் எனக்குத் தெரியும்" என்பார். நீங்களோ அந்த ராத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டீர்கள்.

பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அந்த வருஷம்தான் தனுஷ்கோடி வழியாக இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பு வந்தது. புயல் வந்தது 1964 கடைசியில். நடுவே முழுசாக ஐம்பது வருஷம். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கிற ரயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்த ஐம்பது வருஷம். அந்த ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்ததுதான். கர்சன், இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களுக்குப் பெயர். அம்மாவுக்கு இர்வினும் கோஷனும் வீட்டு மாடுகளின் பெயர் மாதிரி வாயில் வரும். உங்கள் மூன்றரை நிமிடத்தில் ஒரு கப்பல்கூட இல்லை. துறைமுகத்தைக் காட்டும் படத்தில் கப்பலே இல்லாமல் எப்படிப் போனது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

அம்மா சொல்கிற ஊரைக் கொஞ்சம் கேளுங்கள். மத்தியானத்துக்கு மேல் ரயில் வரும். அது வருமுன்பே பிள்ளைகள் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்பார்கள். ஆச்சி ஓலைப்பெட்டியில் அவித்த பனங்கிழங்கை அடுக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போவார். கப்பல் சங்கு ஊதினால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவார், ஊதி முடிக்கும்வரை யார் என்ன சொன்னாலும் கேட்காது. சுங்கத்து ஆட்கள் பெட்டிகளைத் திறந்து கிளறுவதை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எல்லாரும் போன பிறகு மணலில் கிடக்கிற இலங்கைச் சில்லறைக் காசைத் தேடுவார்கள். தாத்தாவின் கையில் பித்தளை வில்லை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைப் புளி போட்டுத் தேய்ப்பது அம்மாவின் வேலை. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல். பெண் கடல் அமைதி, ஆண் கடல் அலையடிக்கும். ஒரு பக்கம் காற்று மாறினால் மறுபக்கம் போய் வலை போடுவார்கள். குடிதண்ணீருக்குக் கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் போதும், நல்ல தண்ணீர் ஊறும். இன்றைக்கும் ஊறுகிறது. அதைப் பார்த்து அசந்துபோகிற சுற்றுலாப் பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை.

இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்லும் கிழட்டுக் குரலாக என்னை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 28 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போவேன். சுவரைக் காட்டி "இதுதான் ரயில்வே ஆஸ்பத்திரி" என்பேன். பிள்ளைகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சங்குக் கடைக்குப் போய்விடுவார்கள். மேலே ஓடு இல்லாத நாலு சுவரை ஆஸ்பத்திரி என்று நினைத்துப் பார்க்க ஒரு குழந்தையால் முடிகிற காரியமா? அந்த இடத்தில் போனைத் தூக்கிப் பிடித்ததும் அதே சுவரின் மேல் கூரை ஏறி, ஜன்னலுக்குள் கட்டில் தெரிந்து, வெளியே வரிசை நின்றால், அந்தப் பிள்ளைக்கு என் 28 வருஷத்துப் பேச்சைவிட அது பெரிது. அதனால்தான் வெள்ளோட்டம் என்றதும் முதல் ஆளாக வந்தேன்.

வந்து பார்த்தால் ரயில் பெட்டி நீல நிறத்தில் இருக்கிறது. எங்கள் லைன் அப்போது மீட்டர் கேஜ், இழுத்தது நீராவி எஞ்சின். நீலப் பெட்டி எல்லாம் 1990களுக்குப் பிறகு பார்த்தது. ஓடுகிற ஆண்கள் எல்லாருக்கும் தலைப்பாகை, பெண்கள் எல்லாருக்கும் முக்காடு. எந்தக் கணினியிலோ தயாராக இருந்த பொம்மைகளை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னணிக் குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ் எங்கே என்று கேட்டதற்கு "அடுத்த கட்டத்தில் வரும், மேடம்" என்றார்கள். தமிழ்நாட்டின் ஒரு முனையில் தமிழுக்கு அடுத்த கட்டம்!

இதையெல்லாம் திருத்திவிடலாம். அந்தக் குரல் சொன்ன கடைசி வரிதான் பொறுக்க முடியாதது. "இன்று இங்கே யாரும் வாழ்வதில்லை" என்று ஆங்கிலத்தில் முடித்தது. நான் கண்ணாடியைக் கழற்றியபோது உங்கள் பந்தலுக்குப் பின்னால் ஒரு பெண் மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பந்தல் நிழல் விழுகிறது என்று அவளை இரண்டு தடவை நகரச் சொன்னதையும் பார்த்தேன். இங்கே கம்பிப்பாடு, பாலம் என்ற மீனவக் குடியிருப்புகளில் குடும்பங்கள் இருக்கின்றன. கரைவலை இழுக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். வசிக்கத் தகுதியற்ற இடம் என்று புயலுக்குப் பிறகு அரசாங்கம் அறிவித்தது உண்மைதான். அந்த அறிவிப்பைச் சொல்லிச் சொல்லியே வசதிகள் தராமல் இத்தனை வருஷம் போய்விட்டது. இப்போது கண்ணாடி வழியாகவும் அவர்களை இல்லை என்று ஆக்கிவிடாதீர்கள்.

என் தம்பி மகன் கோயம்புத்தூரில் இந்த மாதிரிக் கணினி வேலைதான் பார்க்கிறான். அவனையும் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். போன் கேமரா எதிரே இருப்பவற்றின் மூலைகளையும் விளிம்புகளையும் பிடித்து வைத்துக்கொண்டுதான் நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று கணக்குப் போடுமாம். சர்ச் சுவரில் அது நன்றாக நடக்கும். வெறும் மணலில் பிடிக்க ஒன்றுமில்லை, அதுவும் காற்றில் நகர்கிற மணல். ஜி.பி.எஸ்ஸை மட்டும் நம்பினால் நாலைந்து மீட்டர் தள்ளிப்போகும். ஒரு பக்கம் கடல், மறுபக்கமும் கடல் இருக்கிற இடத்தில் நாலைந்து மீட்டர் என்றால் பிளாட்பாரம் தண்ணீருக்குள் நிற்கும். வெள்ளோட்டத்தில் அப்படித்தான் நின்றது. மத்தியான வெயிலில் கண்ணாடிக்குள் பாதி தெரியவில்லை. நிலம் முடிகிற அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், நேரடியாக இன்டர்நெட்டிலிருந்து காட்சியை இறக்கலாம் என்ற கணக்கும் அங்கே பலிக்காது. ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலேயே மொத்தத்தையும் இறக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி செய்தால் பரவாயில்லை என்கிறான்.

அவன் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். சுவரை எல்லாப் பக்கத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான போட்டோ எடுத்தால், கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாண வடிவம் செய்துவிடும். அதற்குப் பெரிய செலவுகூட இல்லையாம். "ஆனா இன்னிக்கு இருக்குற சுவரை இன்னிக்குத்தான் எடுக்க முடியும் அத்தை" என்றான். அந்தச் சர்ச் பவளக்கல்லில் கட்டியது. உப்புக் காற்று அதைத் தினமும் தின்கிறது. மிச்சத்தைப் பெயர் செதுக்குகிறவர்கள் தின்கிறார்கள். சுவர் போய்விட்டால் நீங்கள் எதன் மேல் படத்தை ஏற்றுவீர்கள்?

அலைக் காட்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது, போனைப் பிடித்துக்கொண்டு பொம்மைகளைத் தேடியவர்கள் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவிடத்துக்குள்ளும் நுழைந்தார்கள். அந்த நிர்வாகம், இது இறந்தவர்களின் இடம், இங்கே வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. வாஷிங்டனில் இருக்கிற யூத இனப்படுகொலை அருங்காட்சியகமும் அதையே சொன்னது. தனுஷ்கோடி மணலும் அப்படிப்பட்ட இடம்தான். சுமார் 1,800 பேர் போனார்கள் என்பார்கள். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சரில் மட்டும் நூற்றுக்கு மேல். அடக்கம் செய்யப்படாதவர்கள் எத்தனையோ பேர். என் தாத்தா எந்த இடத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் டிக்கெட் பந்தலுக்குக் கீழே இருந்தாலும் இருக்கலாம். அவர் செத்த நிமிடத்தைச் சிலிர்ப்பூட்டும் காட்சியாக்கி நட்சத்திரம் கேட்பதை என்னால் ஏற்க முடியாது. புயலை மறைக்கச் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு குரல் போதும். கடைசி ரயில் கிளம்பியது, சிக்னல் எரியவில்லை, டிரைவர் விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார், அது வந்து சேரவில்லை. இவ்வளவுதான். அப்புறம் உண்மையான கடலின் சத்தத்தைக் கேட்கட்டும். அங்கே அது எப்போதும் இருக்கிறது.

காட்ட வேறு என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை ஒரு சிறுவன் பொறுக்கிக் கொடுத்துச் சம்பாதித்தான். அப்துல் கலாமின் முதல் சம்பளம் அது. பேக்கரும்பில் அவர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு, போனைத் தூக்கினால் அந்தக் கட்டு வந்து விழட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காக அடைத்து வைக்கப்பட்டு, பிறகு இந்த வழியாகத்தான் கப்பலேறினார்கள். அவர்களின் பிள்ளைகளில் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பி எடுத்துக்கொள்வது என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டது 1964 அக்டோபர் 30இல். எட்டு வாரத்துக்குள் தனுஷ்கோடி இல்லை. அவர்கள் போன வாசலே அடைபட்டு, ராமேஸ்வரம் வழியாக வந்து இறங்கினார்கள். அதற்கும் பிறகு, 1983க்கு அப்புறம், படகில் வந்து அரிச்சல்முனை மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட அகதிகள். வருகிறவர்களும் போகிறவர்களுமாக நூறு வருஷம் நின்ற ஒரு வரிசை. பிளாட்பாரம் இருந்த இடத்தில் நின்று அந்த வரிசையைப் பார்த்தால் ஒருவனுக்கு வரலாறு எங்கே ஏறும், எங்கே உறைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் திட்டத்தில் பணம் மிஞ்சினால் அழகன்குளத்துக்கும் போங்கள். வைகை கடலில் சேர்கிற இடத்தில் ரோமானிய நாணயங்களும், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து பொறித்த ஓடுகளும், கப்பல் படம் கீறிய ஒரு பானை ஓடும் கிடைத்த ஊர். தோண்டிய குழியை மூடிவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கருவேல மரமும் ஆடும்தான். சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பெரியபட்டினமும் அப்படித்தான். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் இந்த வித்தைக்கு மதிப்பு அதிகம். அந்தக் கப்பல் கீறலைப் போனில் பெரிதாக்கி, ஆற்றுமுகத்தில் மிதக்கவிட்டுப் பாருங்கள். அங்கே யாருடைய தாத்தாவையும் மிதித்துவிடும் பயமும் கிடையாது.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் திட்டத்துக்காக என்று சொல்லி இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பேச வைத்து இரண்டு மணி நேரம் பதிவு செய்தார்கள். பனங்கிழங்கு, கப்பல் சங்கு, பித்தளை வில்லை, பள்ளிக்கூடம், அத்தனையும் சொன்னார். ஒரு நகல் தருகிறோம் என்றார்கள். வரவில்லை. வெள்ளோட்டத்தில் அந்தப் பதிவிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. அலறல் மட்டும் இருந்தது, அது யாருடைய குரலோ.

ஆகவே கேட்கிறோம். அலைக் காட்சியைத் திட்டத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். சர்ச், ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, மிச்சமிருக்கிற எல்லாச் சுவர்களையும் இந்த வாடைக்காற்றுக்கு முன்னால் படமெடுத்துப் பதிந்துவிடுங்கள். சுவர்களைத் தாங்கி நிறுத்தும் வேலைக்குப் பணம் ஒதுக்காமல் கண்ணாடிக்குப் பணம் ஒதுக்காதீர்கள். ரயில்வேயிடமும் சுங்கத்துறையிடமும் பழைய வரைபடமும் போட்டோவும் கேட்டு வாங்கி, பெட்டியின் நிறத்திலிருந்து போர்ட்டரின் சட்டைவரை சரிபாருங்கள். முதல் குரல் தமிழாக இருக்கட்டும். கண் தெரியாதவர்களுக்கும், போன் பிடிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் சேர்த்து, கேட்டாலே புரிகிற மாதிரி செய்யுங்கள். "இன்று யாரும் வாழ்வதில்லை" என்ற வரியை நீக்கி, அந்த இடத்தில் கம்பிப்பாட்டுக்காரர் ஒருவரே பேசட்டும். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊர்களுக்குப் போக வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டே மீன் காயும் இடத்தில் நடக்காதபடி வழியும் போட வேண்டும். அம்மாவின் பதிவையும், இதேபோல் மற்றவர்களிடம் எடுத்த பதிவுகளையும் அந்தந்தக் குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இறுதி வடிவம் முடிவாகுமுன் தனுஷ்கோடியில் பிறந்தவர்களை அழைத்து ஒரு கூட்டம் போடுங்கள். எனக்குத் தெரிந்தே பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். மாவட்டத் தலைநகரில் குளிர்சாதன அறையில் வைக்க வேண்டாம், இடிபாட்டு இடத்திலேயே வையுங்கள். அவர்கள் நடந்து காட்டினால்தான் எது எங்கே இருந்தது என்று தெரியும். காலை ஏழு மணிக்கு வையுங்கள். வெயில் ஏறினால் அம்மாவால் மணலில் நிற்க முடியாது.

தனுஷ்கோடிக்காரி ஒருத்தியின் மகள்,
பாம்பன்